பசி ஊசி

"ஹலோ… ம்… ஒரு நிமிஷம், வாய்ல குண்டூசி…"

தையல்காரி நான்கு ஊசிகளையும் துணி மடிப்பில் குத்திவிட்டு மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"ஆ, சொல்லுங்க சிஸ்டர்… ஆமாமா, எங்க வீட்டுக்காரர் பதினோரு மணிக்கே வந்துட்டார். கால் மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தீங்களாமே, மனுஷன்கிட்ட மிச்சம் ஏதும் வெச்சீங்களா?… தூங்குறார். அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம்… இல்ல, சாப்பிடல. பசியைத் தூண்டுற ஊசி, போட்டதும் கபகபன்னு பசிக்கும்னீங்க. நானும் ரெண்டாள் சாப்பாடு ஆக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கேன். பசிக்கலைன்னுட்டார். ஒரு தடவை வாந்தி. வண்டில வந்த அலுப்புதான்…

"ஓ… ரிசல்ட் வந்துடுச்சா?… மூளைக்கடியில இருக்கிற அந்தச் சுரப்பி அசையவே இல்லையா? ஊசிக்குக்கூட?… அப்போ மாத்திரையாலதான் ஆளு நடமாடுறார்னு சொல்லுங்க… ஆமா, வெள்ளை மாத்திரை. டெஸ்ட்டுக்காகக் காலைல நிறுத்தச் சொன்னீங்க, நிறுத்திட்டேன்…

"டெஸ்ட் முடிஞ்சப்புறம் மாத்திரை குடுத்தேனான்னா?… இன்னும் இல்ல… ஐயோ, மறக்கல சிஸ்டர்! எட்டு மாசத்துல ஒரு வேளை தவறினது கிடையாது. வெறும் வயித்துல குடுக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க? பசி வரட்டும், ரெண்டு வாய் சாப்பிட்டதும் குடுக்கலாம்னு… மணியா? நாலாகப் போகுது… ஏன் கத்துறீங்க? இதோ, எழுப்புறேன்.

"ஏங்க… ஏங்க, இங்க பாருங்க…"

அவன் நெற்றியில் வைத்த கையை எடுத்தாள். விரல்கள் நனைந்திருந்தன.

"சிஸ்டர்… ஜில்லுனு இருக்கார். முனகுறார், கண்ணைத் திறக்கல… சரி, சரி, வாய்ல எதுவும் வைக்கல… ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டேன்… அவசர ஊசியா? இல்லையே… அடுத்த வாரம் வாங்கிக்கலாம்னார்… ஆமா, தையல் போர்டு மாட்டின வீடுதான், கீழ்வீடு… வண்டி கிளம்பிடுச்சா? கதவைத் திறந்து வெக்கிறேன்… சிஸ்டர், இத்தனூண்டு மாத்திரை. நான் நல்லதுன்னு நெனச்சுத்தானே… ஒண்ணும் ஆகாதுல்ல?… ஹலோ?… ஹலோ?"

இணைப்பு அறுந்திருந்தது. கதவை அகலத் திறந்தாள்.

வாசலில் அவன் கழற்றிவிட்ட செருப்புகள், வழக்கம்போல இடதும் வலதும் மாறிக் கிடந்தன. இத்தனை மாதங்கள் கழிந்தும், இன்றும் அவை அப்படியேதான் கிடக்கின்றன.