மூன்றாவது சிறுநீரகம்

எங்கள் சோதனைத் தாள்களைப் பார்க்கும் முன் எங்கள் முகத்தைப் பார்க்கும் பண்பு கொண்ட மருத்துவர் அம்மா அவர்களே, இந்த அவையின் தலைவியே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோரே! தன்னுடலில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பின்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் கொடையாளர்களே! மாற்றுறுப்பு பெற்று, முகக்கவசத்துக்கு மேலே கண்ணால் மட்டும் சிரிக்கக் கற்றுக்கொண்ட என் இனத்தாரே! பிள்ளைக்கு, கணவனுக்கு, உடன்பிறந்தவனுக்கு என்று மாத்திரைப் பெட்டியைக் கைப்பையில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் நெஞ்சு நிறைய வணங்குகிறேன்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளை மேடையேற்றிக் கையில் ஒலிபெருக்கியையும் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளை அன்றாடம் அதட்டி உட்காரவைக்கும் குரல் இது. முன்வரிசையில் இருப்பவர்கள் காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என்ன ஐயா, கடைசி வரிசையில்? கேட்கிறதா? கேட்கிறதாம். கேட்காமல் இருந்தால்தான் அதிசயம்!

அன்புக்குரியவர்களே! ஒரு கேள்வி. இந்த அரங்கில் மூன்று சிறுநீரகம் உள்ளவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். அடேயப்பா! வெளியே போய்ச் சொன்னால் யாராவது நம்புவார்களா? எனக்கும் மூன்று. பழையவை இரண்டும் முதுகுப்புறம் பேசாமல் கிடக்கின்றன. புதியதை அடிவயிற்றில் வலப்பக்கமாக வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆக, மூன்று பேர் இருக்கும் இடத்தில் வேலை செய்வது ஒருவர் மட்டுமே. ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் அலுவலகத்திலும் அப்படித்தானா?

வேலை செய்யும் அந்த ஒருவர் யார்? என் அத்தை. என் வீட்டுக்காரரைப் பெற்றவர். திரையரங்கில் சீட்டுக் கொடுக்கும் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே தலை நரைத்தவர். தெருவுக்கே அவர் டிக்கெட்டம்மா. நானும் அவரும் ஒத்துப்போன விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: என் வீட்டுக்காரருக்குப் பொறுப்பு போதாது என்பது. மற்றபடி நான் ஜன்னலைத் திறந்தால் அவர் சாத்துவார். அவர் விளக்கைப் போட்டால் நான் அணைப்பேன்.

என் சிறுநீரகங்கள் கைவிரித்தன. வாரந்தோறும் இயந்திரத்தோடு கட்டிப்போட்டு என் இரத்தத்தைக் கழுவினார்கள். வண்டிச் சாவி ஆணியில் தொங்கியது. மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார்கள். என் வீட்டுக்காரருடையது பொருந்தவில்லை. என் அண்ணனுக்குச் சர்க்கரை. இனி யார் என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை தலைநிமிராமல் சொன்னார்:

"எனக்கும் ரெண்டு இருக்கில்ல? எடுத்துப் பாக்கச் சொல்லு."

"உங்களுக்கு வயசாகுது அத்தை."

"வயசு எனக்குத்தான ஆகுது? உள்ள இருக்கறதுக்கு என்ன தெரியும்?"

பார்த்தார்கள். பொருந்தியது! வாழ்நாளில் எதிலும் பொருந்தாத மாமியாருக்கும் மருமகளுக்கும் இரத்தம் பொருந்தியது! சோதனை முடிவைக் கேட்டு என் வீட்டுக்காரர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இனிமே ரெண்டு பேரும் ஒரே கட்சி, என் கதி அதோகதி" என்று சிரித்துக்கொண்டே அழுதார்.

அறுவை நடந்தது. ஊரெல்லாம் என்ன சொன்னது? "அப்பாடா, குணமாயிடுச்சு!" குணமாயிற்றா? சொல்லுங்கள் தோழர்களே, நமக்குக் குணமாயிற்றா? நாம் நோயிலிருந்து விடுதலையானவர்களா? இல்லை. ஒரு நோயைக் கொடுத்து ஒரு வாழ்வை வாங்கியவர்கள். அந்த வாழ்வைக் காலையில் காக்க வேண்டும், மாலையில் காக்க வேண்டும், காலமெல்லாம் காக்க வேண்டும்.

மருத்துவர் அம்மா எனக்கு விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். எங்கள் பள்ளி வாசலில் ஒரு காவலாளி இருக்கிறார். அடையாள அட்டை இல்லாவிட்டால் தலைமையாசிரியரையே நிறுத்திவைப்பார். நம் உடம்புக்குள்ளும் அப்படிக் கோடானுகோடி காவலாளிகள். உயிர் கொடுக்க வந்த உறுப்பை அவர்கள் வரவேற்கிறார்களா? "யார் நீ?" என்கிறார்கள். "வெளியே போ!" என்கிறார்கள். அன்பு தெரியாது அவர்களுக்கு, அத்தை தெரியாது, தியாகம் தெரியாது. அந்நியன் என்றால் அடி, அவ்வளவுதான். அதனால்தான் அவர்களைப் பாதித் தூக்கத்தில் வைத்திருக்க நமக்கு மாத்திரை. முழுதும் விழித்தால் உறுப்பு போகும். முழுதும் தூங்கினால் ஊரிலுள்ள கிருமியெல்லாம் உள்ளே வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூல். அந்த நூலின்மேல் நடந்துகொண்டே நாம் சமைக்கிறோம், துவைக்கிறோம், பிள்ளை வளர்க்கிறோம், வண்டி ஓட்டுகிறோம். இது அதிசயமா இல்லையா?

மாத்திரை சும்மா விடுமா? முகம் பூரித்தது. வழியில் பார்த்தவர்கள் "நல்லா தேறிட்டியே" என்றார்கள். தேறவில்லையம்மா, ஊதியிருக்கிறேன்! கை நடுங்கியது, தேநீர்க் கோப்பை தட்டில் தாளம் போட்டது. தலையில் முடி உதிர்ந்தது, தாடையில் முளைத்தது. "போற வேகத்துல எனக்கு முன்னாடி நீ சவரம் பண்ணுவ போலிருக்கே" என்றார் என் வீட்டுக்காரர். நடுக்கம் குறைந்து, மருத்துவர் அம்மா எழுதிக் கொடுத்த பிறகே ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். பாதுகாப்புப் பட்டி சரியாக அடிவயிற்றில் இருக்கும் அத்தையின்மேல் அழுத்தும். ஒரு சின்னத் துண்டை மடித்து இடையில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். இன்றும் அப்படித்தான்.

அத்தை? அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டார். பார்க்க வந்தவர் ஒரு தும்மல் தும்மினால் போதும், பழைய தொழில் நாக்கில் வந்து நிற்கும். "ஹவுஸ்புல்! அடுத்த வாரம் வாங்க!" சொந்தத் தம்பியையே அப்படித் திருப்பி அனுப்பியவர் அவர்.

அப்படிக் காத்தவர் கையாலேயே அந்த ஆபத்து வந்தது என்றால் நம்புவீர்களா?

ஒரு பருவத்தில் என் பேருந்துப் பிள்ளைகள் ஒருவர் விடாமல் இருமினார்கள். வண்டிக்குள் அது ஒரு கச்சேரி. நான் கவசம் போட்டு, கையைக் கழுவிக் கழுவி ஓட்டினேன். அத்தைக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கடையில் ஒரு மூலிகைப் பொடிப் புட்டி அவர் கண்ணில் பட்டது. மேலே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும். எந்தத் தாய்தான் அதை வாங்கமாட்டாள்? கசப்பென்று நான் முகம் சுளிப்பேன் என்பதால் சொல்லாமலே தினமும் என் சூப்பில் கலந்தார். எந்தக் காவலாளியை நாங்கள் மாத்திரை போட்டுத் தூங்கவைத்தோமோ, அவனை அத்தை கரண்டி கரண்டியாக எழுப்பினார்!

கணுக்கால் வீங்கியது. செருப்பு இறுக்கியது. சிறுநீரகம் வடிகட்டித் தள்ள வேண்டிய கழிவு, கிரியாட்டினின், இரத்தத்தில் ஏறியது. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் உங்களில் பலர் நிமிர்ந்து உட்காருவது எனக்குத் தெரிகிறது. அது ஏறினால் நமக்குக் காலடியில் தரை இறங்கும். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். உடல் உறுப்பை எதிர்க்கத் தொடங்கியிருந்தது. போய்விட்டால் மறுபடி அந்த இயந்திரம். கொடுக்க இனி வீட்டில் யாரிடமும் இல்லை.

மருத்துவர் அம்மா கேட்டார்: "புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லையே டாக்டர்."

அத்தை கைப்பையைத் திறந்தார். அந்தப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான்தான் குடுத்தேன்" என்றார். "காய்ச்சல் கீய்ச்சல் வந்துடக் கூடாதுன்னு..."

மருத்துவர் அம்மா புட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். கோபப்படவில்லை. "இதுதான் முழுக் காரணம்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா இது உள்ள போயிருக்கவே கூடாது. இவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கூடக் கூடாது. கூடினா அது நீங்க குடுத்த உறுப்பத்தான் முதல்ல தாக்கும்."

"அப்போ... குடுத்ததும் நானு, கெடுத்ததும் நானா?"



படுக்கையில் சேர்த்தார்கள். நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். அத்தை வரவேயில்லை. அடுக்களைப் பக்கமே போவதில்லையாம். வாசல் நாற்காலியும் காலியாம். "அம்மா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாங்க. உன்னைவிட அவங்களத்தான் நெனச்சு பயமா இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குள் இருப்பது பிழைக்குமா என்று ஒரு கவலை. அதைக் கொடுத்தவர் பிழைப்பாரா என்று இன்னொரு கவலை. "ஸ்கேன் எடுக்கற அன்னைக்கு அவங்கள எப்படியாவது கூட்டிட்டு வாங்க, தூக்கிட்டாவது வாங்க" என்றேன்.

வந்தார். சுவரோடு ஒட்டி நின்றார். என் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து உருட்டினார்கள். திரையில் முதலில் சாம்பல் புகை. பிறகு, அவையோரே, அந்தப் புகைக்குள் ஒரு மரம்! சிவப்பும் நீலமுமாய்க் கிளை விரித்து, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒளிர்ந்து அடங்கி ஒளிர்ந்து அடங்கி, இரத்தம் உள்ளே போவதும் வெளியே வருவதும் கண்ணெதிரே தெரிந்தது. கருவியிலிருந்து ஒரு சத்தம். ஹுஷ்... ஹுஷ்... ஹுஷ்...

அத்தை மெல்ல முன்னால் வந்தார். "இது... என்னோடதா?"

"ஆமா அத்தை."

"நான் அப்படிப் பண்ணினதுக்கு அப்புறமுமா ஓடுது?"

"ஓடுதே அத்தை. பாருங்களேன்."

"கோவமே இல்லையா அதுக்கு?"

தோழர்களே! எனக்கு மெய் சிலிர்த்தது. எந்த மனிதர் தன் உள்ளுறுப்பைத் தானே வெளியே நின்று பார்த்திருக்கிறார்? எந்தத் தாய் தன் உடம்பின் ஒரு பகுதி இன்னொருத்தியின் நாடிக்குத் தாளம் போடுவதைக் கேட்டிருக்கிறார்? நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "கோவம் எனக்கும் இல்ல, அதுக்கும் இல்ல. வீட்டுக்குப் போய் சமையல் பண்ணுங்க. உங்க புள்ள வைக்கற சாம்பார்ல நான் செத்துடுவேன்" என்றேன். அத்தை அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். திரையைவிட்டு மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

பிழைத்தது. பழைய பலம் முழுதும் திரும்பவில்லை. ஒரு பங்கு போனது போனதுதான். மாத்திரை கூடியது. ஆனாலும் பிழைத்தது. அதன்பின் அத்தை என்ன செய்தார் தெரியுமா? மருத்துவமனைக் கூடத்தில் புதிதாக உறுப்பு பெற்றவர்களின் வீட்டுப் பெண்கள் யாரைக் கண்டாலும் பக்கத்தில் போய் உட்காருவார். "பொடி, கஷாயம், டானிக்கு எதுவா இருந்தாலும் டாக்டர கேக்காம குடுக்காதீங்க. நான் குடுத்து அனுபவிச்சவ" என்பார். வெட்கப்படாமல் சொல்வார். இந்த அரங்கிலேயே அவரிடம் பேச்சு வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். ஆமாம்மா, தலையாட்டுகிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்!

ஆண்டுகள் போயின. ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த அத்தை எழுந்திருக்கவில்லை. எனக்குக் கொடுத்ததால் அல்ல. மருத்துவர் அம்மா இங்கேயே இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். நிறைந்த வயது. இதயம் ஓய்வு கேட்டது.

வீடு முழுக்கக் கூட்டம். "டிக்கெட்டம்மா போயிட்டாங்களே" என்று அழுகை. நான் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தேன். கை ஆறிப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, தாய்மார்களே, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இந்த அவையில் சொல்லாமல் எங்கே சொல்வேன்? எனக்குச் சிறுநீர் முட்டியது. சீ, இந்த நேரத்திலா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. அடக்கினேன், முடியவில்லை. எழுந்துபோய்க் கழிவறைக் கதவைச் சாத்தினேன்.

இயந்திரத்தோடு கிடந்த காலத்தில் எனக்கு ஒரு சொட்டுக்கூடப் பிரிந்ததில்லை. அந்த வறட்சி என்ன என்று உங்களுக்குத் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. இப்போது அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. சட்டென்று எனக்கு உறைத்தது. கூடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இங்கே எதுவும் முடியவில்லையே! தன்னைப் பெற்ற உடம்பு அடங்கிவிட்டது என்று இதற்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நொடி நிற்கவில்லை; ஒரு துளி குறைக்கவில்லை. அடிவயிற்றில் கை வைத்தேன். சூடாக இருந்தது. வாய்விட்டு அழுதேன்.

என் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "என்ன ஆச்சு? உள்ள என்ன பண்ற?"

கதவைத் திறந்தேன். அதுவரை கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் மரம்போல் நின்றவர் அவர். அவர் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன்.

"உங்க அம்மா இன்னும் வேலை பாத்துக்கிட்டுதாங்க இருக்காங்க" என்றேன்.

அப்போதுதான் அந்த மனிதர் அழுதார்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு செவி கொடுத்த அவைக்கு, என் சார்பிலும், இதோ இந்த நொடியிலும் ஓயாமல் எனக்காக உழைத்துக்கொண்டிருக்கும் என் அத்தையின் சார்பிலும் நன்றி! எங்கள் இருவரின் வணக்கம்!