ஒன்னுமே தெரியல

நாளெல்லாம் சிரித்துக்கொண்டே பார்க்கிற வேலை எத்தனை பேருக்கு வாய்க்கும், மேடம்? எனக்கு வாய்த்தது. நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அறையில் மயக்க மருந்து கொடுக்கும் உதவியாளன் நான்.

முழு மயக்கம் இல்லை, அரைத்தூக்கம். கூப்பிட்டால் கண் திறப்பார்கள். மூச்சை அவர்களே விடுவார்கள். அதற்கு இரண்டு ஊசி. முதலாவது மனதைத் தளர்த்தும், நடப்பது எதையும் நினைவில் தங்கவிடாது. இரண்டாவது வலியையும் இருமலையும் அடக்கும். முதல் ஊசி ஏறியதும் நீங்கள் பார்க்க வேண்டும். விறைப்பாக வந்த வக்கீல் ஒருவர், டாக்டருக்குத் தன் பெண்ணைக் கட்டிவைப்பதாக வாக்குக் கொடுத்தார். டாக்டருக்குப் பேத்தியே இருக்கிறாள். ஒரு கண்டக்டர் "உள்ள நகருங்க, உள்ள நகருங்க" என்றார். டாக்டரும் குழாயை உள்ளே நகர்த்தினார்.

முடிந்து எழுந்ததும் எல்லோரும், "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்பார்கள். முடிந்துவிட்டது என்று சொன்னால், "அட, ஒன்னுமே தெரியலையே."

அந்தச் சொல்லில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தெரியல என்றால் வலிக்கவில்லை என்றும் ஆகும், நினைவில்லை என்றும் ஆகும். சொல் ஒன்றாக இருக்கும்போது ஊசி எதற்கு இரண்டு? மறக்கப்போகிற வலிக்கு மருந்து கொடுப்பது, மழைக்குள் இறங்குகிறவனுக்குத் தலை துவட்டிவிடுவது மாதிரி. அதனால் இரண்டாவது ஊசியில் வெறும் உப்புத்தண்ணீரை ஏற்றினேன். மருந்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். நான் திருடன் இல்லை. அந்த மருந்தால் வரும் மூச்சு மந்தமும் நோயாளிகளுக்கு இல்லை. சீக்கிரம் எழுந்து, சிரித்தபடி வீட்டுக்குப் போனார்கள்.

இருமினார்கள், துள்ளினார்கள். அது உண்மைதான். மருந்து போட்டாயா என்று டாக்டர் கேட்பார். போட்டாச்சு, சிலருக்கு உடம்புவாகு அப்படி என்பேன். தாங்க முடியாவிட்டால் வலது கையைத் தூக்குங்கள் என்று முன்பே சொல்லிவைப்போம். தூக்கினார்கள். அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே அழுத்திக்கொள்வேன். கடைசிவரை கையை விடாமல் நின்றாராமே என்று உறவுக்காரர்கள் நெகிழ்ந்துபோவார்கள்.

எத்தனை பேருக்கு என்று விசாரணைக்காகக் கேட்கிறீர்கள். எல்லோருக்கும்தான். போன மாதம் என் அக்காவுக்கும். சொந்தம் என்று சலுகை காட்டினால் நியாயமாகாது.

"பயமா இருக்குடா. நீ பக்கத்துல இருப்பல்ல?" என்றாள்.

"நான் இல்லாமயாக்கா."

குழாய் இறங்கியதும் கையைத் தூக்கினாள். அழுத்தினேன். மறுபடி தூக்கினாள். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். அடையாளம் தெரிந்த பார்வை. அழுத்திக்கொண்டே இருந்தேன்.

எழுந்து உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. "ஒன்னுமே தெரியலடா தம்பி. உன் கைராசியே ராசி."

அவளையே கேளுங்கள், மேடம். இதைத்தான் சொல்வாள். இப்போதெல்லாம் நான் வாசலில் வந்து நின்றாலே அவள் வலது கை தானாக மேலே எழுகிறது. ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை, சிரிக்கிறாள். எனக்குப் புரிகிறது. ஆசீர்வதிக்கிறாள்.