முத்துராஜ் குடித்த வெள்ளித் தண்ணீர்

நீங்கள் வாங்கித் தந்த டீ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் அம்மா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். நடந்ததை உள்ளபடி எழுதுங்கள் என்று பேப்பரும் பேனாவும் கொடுத்தீர்கள். அதில்தான் எனக்குச் சிரமம். ஆலங்குடி பஸ்ஸில் பத்துப் பேர் நின்றால், டிரைவர் மடியிலேயே ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்கிறவன் நான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக எதையும் சொல்வேன்.

பெயர் திருமுருகன். காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் முப்பத்து நாலு வருஷம் உதவியாளர். சோதனைக் குழாய் கழுவிக் கழுவியே கைரேகை தேய்ந்தவன். அத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் ஒரு சந்தேகம் கேட்டதில்லை. ரிட்டயரான பிறகு, செல்போனில் பார்த்து நானோ வெள்ளி செய்யக் கற்றுக்கொண்டேன். என் மனைவி அழகம்மாளின் கொலுசை உருக்கிக் கம்பியாக்கி, தண்ணீரில் நிறுத்தி, பேட்டரி கொடுத்தேன். “கால் காலியாயிருச்சு. அடுத்து எதை உருக்கப் போறீங்க?” என்று கேட்டாள். தண்ணீர் லேசாக மஞ்சளானது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் தூள் அதில் மிதக்கும்.

“ஒரு தலைமுடியை லட்சமாப் பிளந்தா அதுல ஒரு துண்டு. கிருமி எங்கிட்டு ஒளிஞ்சாலும் தேடிப் போய் அடிக்கும்” என்று ஊரில் சொன்னேன். ஊரே குடித்தது என்று எழுத வந்தேன். இல்லை, நாலு பேர். மூன்று பேர் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டார்கள். விடாமல் குடித்தவன் என் அண்ணன் மகன் முத்துராஜ் மட்டும்தான்.

கத்தாரில் சாரம் கட்டுகிற வேலை அவனுக்கு. லீவில் வந்திருந்தபோது தொண்டை வலி. மூன்று நாளில் சரியானது. சும்மா இருந்திருந்தாலும் ஆகியிருக்கும். “சித்தப்பா, நீங்க லேப்ல இருந்தீங்களா, லேபே ஒங்களுக்குள்ள இருந்துச்சா?” என்றான். என் ஆயுசில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. தினமும் ஒரு மூடி குடி, ஆயுசுக்கும் ஒன்றும் அண்டாது என்று சொல்லிப் பாட்டில்களைக் கொடுத்தேன். தீரத் தீர, ஊரிலிருந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினேன். காசு வாங்கவில்லை; அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பதினோரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. “சித்தப்பா, நகம் நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு. ஏன்?”

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளி நைட்ரேட் கையில் பட்டு வெயிலில் போனால் தோல் கறுக்கும் என்று, லேபுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளை எச்சரித்து வந்ததே நான்தான். கையில் பட்டது பத்து நாளில் உரிந்துவிடும். உடம்புக்குள் போனது என்னாகும் என்று அன்றைக்கே தேடிப் படித்தேன். தோலில் தங்கும், வெயில் பட்டால் நிறம் மாறும், மாறினால் திரும்பாது. அவ்வளவு சின்னது என்ன கெடுதல் செய்துவிடும் என்று சொல்லி வந்தேன். சின்னதாக இருப்பதால்தான் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகிறதாம். அவனோ நாள் பூராவும் மொட்டை வெயிலில் நிற்கிறவன்.

அந்த வாரம்தான் பஞ்சாயத்துத் தலைவர் மேடையில் என்னை விஞ்ஞானி என்று கூப்பிட்டிருந்தார். முந்நூறு பேர் கை தட்டினார்கள். இல்லை, நாற்பது பேர். அதனால் அவனுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். “கழிவெல்லாம் நுனிக்கு வந்து வெளியேறுதுடா. நல்ல அறிகுறி. இனிமே ரெண்டு மூடியாக் குடி.” அவன் மனைவி பரிமளா உங்களுக்குப் போட்டுக் காட்டிய பதிவு அதுதான். சிரித்துக்கொண்டே பேசுகிற அந்தக் குரல் என்னுடையது.

அடுத்த வருஷம் கம்பெனி அவனைத் திருப்பி அனுப்பியது. ஒட்டிக்கொள்ளும் நோய் என்று கூட வேலை பார்த்தவர்கள் பயந்தார்களாம். திருச்சி ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் போட்டோவோடு முகம் ஒத்துப்போகவில்லை என்று ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். முகம், கழுத்து, ஈறு எல்லாம் சிலேட்டு நிறம். நாலு வயது மகள் சத்யா அவனிடம் போக மாட்டேன் என்று அழுதாள். “வேஷம் கட்டாமலே கிருஷ்ணனா வந்துட்டான் பாரு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் என்று எழுதத் தோன்றுகிறது. ஒரு வேளைதான்.

இதுவரை பரிமளா புகாரில் சொன்னதெல்லாம் சரி. அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

வந்த மறுநாள் முத்துராஜ் தனியாக என்னிடம் வந்தான். வேறு கம்பெனியில் மெடிக்கலுக்கு இரண்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்குள் நிறம் திரும்பினால்தான் வேலை. “சித்தப்பா, ஒங்க மருந்து மட்டும் இல்லாட்டி இன்னும் என்ன ஆயிருப்பேனோ. வேற பாட்டில் இருக்கா? பரிமளாக்கிட்ட சொல்லாதீங்க, வையுவா.”

ஒரு பாட்டில் இருந்தது. எனக்கென்று எடுத்து வைத்தது. நகத்தின் போட்டோ வந்த நாளிலிருந்து நான் ஒரு சொட்டுத் தொடவில்லை. தென்னைக்கு ஊற்றலாம் என்றால், மண்ணுக்கு ஆகாது, உள்ளே இருக்கிற நல்ல கிருமியும் செத்துவிடும் என்று படித்திருந்தேன். அதனால் ஊற்றவில்லை. அதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். இரண்டு மாதமும் குடித்தான். நிறம் இன்னும் கறுத்தது. மெடிக்கலில் அவனைத் தள்ளிவிட்டது உங்களுக்கே தெரியும்.

பாட்டிலைக் கழுவி வெறும் தண்ணீரை நிரப்பிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதை யோசித்தேன், அம்மா. என்னை அவ்வளவு நம்பி வந்த பிள்ளையை ஏமாற்ற மனசு வரவில்லை.