மூணு சுத்து டேப்பு போட்ட பெட்டி

...இல்ல தம்பி, நான் கேக்குறேன், ஒரு பேட்டரிய ஒரு மனுஷன் இதுக்கு மேல எப்படித்தான் பாத்துக்கறது? நீங்களே சொல்லுங்க! வாங்க, ஏன் அங்கயே நிக்கிறீங்க? இந்த நாற்காலிய இழுத்துப் போட்டுக்கோங்க. பனி பட்டு ஈரமா இருக்கும், தொடச்சிட்டு உக்காருங்க. இந்த ஏரிக்கரை கேம்ப்ல நமக்குப் பக்கத்து எடத்துக்காரர்தானே நீங்க? நேத்து சாயங்காலம் உங்க டிரெய்லர் வீட்ட ரிவர்ஸ் எடுத்தீங்களே, பாத்துட்டுதான் இருந்தேன். நல்லாத்தான் எடுத்தீங்க. அந்த மரம்தான் குறுக்க நின்னுடுச்சு.

என்னமோ சொல்ல வாயெடுத்தீங்களே? சொல்லலாம் சொல்லலாம், மொதல்ல காப்பி குடிங்க. கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி செவந்து கெடக்கு. ஏரிக்காத்து சில பேருக்கு ஒத்துக்காது. எனக்கு அப்படி இல்ல, படுத்தா மரக்கட்டைதான். நேத்து பாருங்க, பொண்டாட்டி கோச்சிக்கிட்டு டிரெய்லர இழுக்கற பிக்கப் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டா, டிரெய்லருக்குள்ள ஒரு லைட்டு எரியல, கொழாயில சொட்டுத் தண்ணி வரல... ஆனாலும் என் தூக்கத்துக்கு ஒரு கொறையும் இல்ல!

எல்லாம் அந்தப் பேட்டரியால வந்த வெனை. ஓரெஸ்ட் பேட்டரிய எப்படி வெச்சுக்குவான்னு எங்க ஊர்ல யார வேணா கேளுங்க. ஓரெஸ்ட் நான்தான். ஒவ்வொரு வருஷமும் ஏரி ஒறையறதுக்கு முன்னாடியே டிரெய்லர்லேருந்து அத கழட்டிடுவேன். சில பேரு வெளியவே விட்டுடுவானுங்க. கனடாவுலயே நம்ம சஸ்காச்சுவான் குளுரு என்ன லேசுப்பட்ட குளுரா? மைனஸ் நாப்பது! சார்ஜ் எறங்கின பேட்டரி அதுல ஒறைஞ்சு, வயிறு உப்பி, பக்கவாட்டுல வெடிச்சுக்கும். என் மச்சினி புருஷன் வெண்டெல் இருக்கானே, அவன் பேட்டரி அப்படித்தான் போச்சு. நான் சிரிச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டுத் திரியறான். நான் சிரிக்கல தம்பி. இருமினேன்.

நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? கழட்டி, சாஞ்சுடாம நெஞ்சோட அணைச்சு, பக்குவமா வீட்டுக்கு அடியில இருக்கற பேஸ்மென்ட்டுக்கு எறக்கிடுவேன். அங்க வெர்னாவோட அலமாரி. வெர்னாதான் என் பொண்டாட்டி. வெள்ளரிக்கா ஊறுகாய் பாட்டிலா அடுக்கி வெச்சிருப்பா. அதுல கீழ்த்தட்டக் காலி பண்ணி, பலகை போட்டு, பலகை மேல அவ தெச்ச ஒட்டுத்துணி விரிப்ப நாலா மடிச்சுப் போட்டு, அதுக்கு மேலதான் பேட்டரி. சிமெண்ட் தரையில வெச்சா தரை சார்ஜ உறிஞ்சிடும்னு எங்கப்பா சொல்வாரு. அதெல்லாம் அந்தக் காலத்துக் கதை, இப்ப வர்ற பேட்டரிய தரை ஒண்ணும் பண்ணாதுன்றான் வெண்டெல். சொல்லட்டும். வயிறு வெடிச்சது யாருது? அவனுதுதானே?

அப்புறம் சோடா உப்புக் கரைசல், பழைய பல்லு பிரஷ்ஷு, முனையில பச்சையா பூத்திருக்கற களிம்பையெல்லாம் தேச்சு எடுத்துடுவேன். மூடியத் தொறந்து பாத்து, தண்ணி கொறஞ்சிருந்தா டிஸ்டில் வாட்டர். பைப்புத் தண்ணி கூடவே கூடாது! எங்க ஊரு பைப்புத் தண்ணி கெட்டில்லயே சுண்ணாம்பு படியும். அப்புறம் சின்ன சார்ஜர் ஒண்ணு, சொட்டு சொட்டா கரண்டு குடுக்கும், நெறைஞ்சா தானா நிறுத்திக்கும். ஆனா நான் அத நம்பிட்டு உக்காந்திருக்கமாட்டேன். தெனம் போய் மீட்டர் வெச்சுப் பாப்பேன். வெர்னா மேலேருந்து கத்துவா, "என்ன, ரெண்டாவது பொண்டாட்டிக்கு உடம்பு தேவலையா? சூப்பு வெச்சுக் குடுக்கட்டா?" இப்படி! போன ஜனவரியில அவளுக்கு ஜுரம் வந்தப்ப நான் மொதல்ல பேட்டரியத்தான் பாக்கப் போனேனாம். தம்பி, பேஸ்மென்ட்லதான் ஜுர மாத்திரையும் இருக்கு. போற வழியில ஒரு பார்வை பாத்தேன். அது ஒரு குத்தமா?

காப்பி எப்படி? கசக்குதா? எனக்கும் கசக்குது.

இவ்வளவும் எதுக்கு? இந்தப் பார்க்குல கரண்டு கெடையாதே, என் மூச்சு மெஷினுக்கு! அது தெரியாதில்ல உங்களுக்கு. எனக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு டாக்டர் ஒரு மெஷினு குடுத்திருக்காரு. மூக்குல மாட்டிக்கணும், ராத்திரி பூரா காத்து ஊதும். அது ஓடினா நான் பூனைக்குட்டி. நின்னுச்சுன்னா... கொரட்டை விடுறேன்னு சொல்லிக்கிறாங்க. நான் கேட்டதில்ல. கேட்டதில்லாத ஒண்ண நான் எப்படி ஒத்துக்கறது? போன வருஷம் இதே பார்க்குல, இதே மே மாச லீவுல, சார்ஜ் பாதி ராத்திரியில தீந்து மெஷினு நின்னுடுச்சு. கரடி வந்துடுச்சுன்னு யாரோ ஃபோன் பண்ண, பார்க் ஆளு பெரிய டார்ச்சும் மிளகு ஸ்பிரேவுமா வந்து நம்ம டிரெய்லரச் சுத்திச் சுத்தி வந்தான். காலையில பாத்தா அக்கம்பக்கத்துல ஒரு டிரெய்லரும் இல்ல. எல்லாரும் மழை வரும்னு பயந்து போயிட்டாங்கன்னு நெனச்சேன்.

அன்னிக்கே சொல்லிட்டா வெர்னா. "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா டிரெய்லர வித்துடறேன். குளிர்காலத்துக்கு லவோன் கூட அரிசோனா போயிடறேன். நீ பேஸ்மென்ட்ல அவளோடயே குடும்பம் நடத்து." லவோன்தான் அவ தங்கச்சி, வெண்டெலக் கட்டினவ. ரெண்டு பேரும் ஏரிக்கு அந்தப் பக்கம் எடம் போட்டிருக்காங்க. நேத்து ராத்திரி வெர்னா அங்கதான் போனா. போறப்ப கதவ மெல்ல சாத்தினா தம்பி. மெல்ல! படார்னு சாத்தியிருந்தா நான் பயந்திருக்கமாட்டேன். "இன்னிக்கு ராத்திரிக்குள்ள சரி பண்ணு. இல்ல, திங்கக்கெழமை டிரெய்லர் மேல விக்கற போர்டு"ன்னா. இந்த டிரெய்லர் போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு? கிடங்குல தானியம் அள்ளினது போதும்னு வீட்டுக்கு வந்தப்புறம், இதுல வந்து இப்படி ஏரியப் பாத்து உக்காந்துக்கறது ஒண்ணுதான்... அவளோட. பேசலைன்னாலும் அவ பக்கத்துல உக்காந்திருப்பா.

சரி விடுங்க. எவன் செஞ்ச வேல இதுன்னு கண்டுபிடிக்கணும். வீட்டு வாசல்ல வெச்சு டெஸ்ட் பண்ணினேனே! வயர வீட்டு பிளக்குல சொருகினேன், லைட்டு ஜம்முனு எரிஞ்சுது. பம்ப்பு ஓடிச்சு. மெஷினு ஊதிச்சு. அப்புறம் பிக்கப்போட மாட்டிக்கிட்டு வந்தோம், வழியில சாண்ட்விச் சாப்பிட நிறுத்தினப்பகூட உள்ள பளிச்சுனு இருந்துச்சு. இங்க வந்து பிக்கப்லேருந்து வயரப் பிடுங்கினேன் பாருங்க... கும்மிருட்டு! அப்ப என்ன அர்த்தம்? வழியில யாரோ சார்ஜக் குடிச்சிருக்காங்க! கேஸ் கசிஞ்சா கத்தற பொட்டி ஒண்ணு இருக்கு, அது ராப்பகலா உறிஞ்சிக்கிட்டேதான் இருக்கும். இல்லன்னா பேட்டரி வித்த அந்தக் கடைக்காரப் பய, பழச துடைச்சு புதுசுன்னு தள்ளிட்டான். இல்லன்னா வெண்டெல். அவன் கூரை மேல சூரியத் தகடு போட்டுக்கிட்டதுலேருந்து என் பேட்டரியப் பாக்கற பார்வையே சரியில்ல.

என்ன, அந்தப் பொட்டியையே பாக்கறீங்க? ஆமா, முன்னாடி இருக்கே, கறுப்புப் பொட்டி, அதுக்குள்ளதான் பேட்டரி. தொறந்து பாத்தேனான்னா? எதுக்குத் தொறக்கணும்! மூணு சுத்து டேப்பு ஒட்டியிருக்கு பாருங்க, என் கையால ஒட்டினது. எலி போயி குடித்தனம் பண்ணிடக்கூடாதுன்னு இழுத்து இழுத்து ஒட்டினேன். நடுங்கற குளுரு அன்னிக்கு, வெரலெல்லாம் மரத்துப்போச்சு... உள்ள என்ன இருக்குன்னு தொறக்காமயே சொல்லுவேன் நான்.

தம்பி, எங்க எழுந்திட்டீங்க? அட, வார ஏன் அவுக்கறீங்க? வேணாம்! தூக்காதீங்க, பொணக் கனம் கனக்கும், முதுகு புடிச்சுக்கும், நான் வந்து ஒரு கை...

ஒரே கையில தூக்கிட்டீங்களே! அடேயப்பா, பலசாலிதான் நீங்க! பாத்தா தெரியல.

...என்ன, ஆட்டிப் பாக்கறீங்க. ஏதோ சரசரங்குது.

...தொறங்க.

துணி காயவைக்கற மெஷின்ல போடற வாசனைத் துண்டு. எலிக்கு அந்த வாசனை ஆகாதுன்னு நாலு போட்டேன். அக்டோபர்ல. பேட்டரியக் கழட்டினப்புறம். வெறும் பொட்டிக்குள்ள எலி பூந்துடும்னு டேப்பு... குளுரு... ஆமா, மே மாசத்துல ஏன் வெரல் மரத்துப்போகப் போவுது...

அப்ப வாசல்ல எரிஞ்சது வீட்டுக் கரண்டு. வழியில எரிஞ்சது பிக்கப் கரண்டு. பேட்டரி?

பேட்டரி ஊறுகாய் அலமாரியில இருக்கு தம்பி. விரிப்பு மேல. கெளம்பறப்பகூட போய் மீட்டர் வெச்சுப் பாத்தேன். ஃபுல்லா இருந்துச்சு. "சமத்தா இரு"ன்னு தட்டிக் குடுத்துட்டு லைட்ட அணைச்சுட்டு வந்தேன்.

நாலு மணி நேரம் போகணும் வீட்டுக்கு. பிக்கப் அவகிட்ட. இப்ப அவகிட்ட போயி என்னன்னு சொல்லுவேன்? களவு போயிடுச்சுன்னு சொல்லிடவா? டேப்ப பிரிக்காமயே எடுத்துட்டுப் போயிட்டான்னு சொன்னா நம்புவாளா? கெட்டிக்காரத் திருடன்னு... தம்பி? ஏங்க, எங்க போறீங்க? நான் இங்க குடி முழுகி நிக்கிறேன், நீங்க பாட்டுக்கு... காப்பிய வேற முடிக்கல. சரி போங்க. எல்லாரும் போங்க. நான் பேச ஆரம்பிச்சாலே எல்லாருக்கும் எங்கியோ வேலை வந்துடும்.

...என்னது, அது? உங்க பேட்டரியா? எனக்கா! ரெண்டு வெச்சிருக்கீங்களா? தம்பி! நேத்துதான் பாத்த ஒருத்தனுக்கு, கேக்காமயே... இப்படி ஒரு மனசு! உங்களுக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வரணும், அதுக்கு மட்டும்தான்னு கையக் காட்டறீங்க, எனக்குப் புரியுது, பெரிய மனசுக்காரங்க எல்லாம் இப்படித்தான் பேச்ச மாத்துவாங்க. குடுங்க, நான் மாட்டறேன். டிரெய்லர்ல கறுப்பு வயருதான் பிளஸ்ஸு, வெள்ளை மைனஸு. காரு நெனப்புல மாத்திப் போட்டா ஃபியூஸு அம்பேல்... இதோ... எரியுது! எரியுது பாருங்க! உள்ள மெஷினும் ஊதுது! வெர்னா வரட்டும், கதவ எப்படி வேணா சாத்தட்டும்!

ஆனா தம்பி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. முனையப் பாருங்க, பச்சையா பூத்துப்போயிருக்கு. தண்ணி? வத்திப்போயி உள்தகடு வெளிய தெரியுது! குளிர்காலத்துல எங்க வெச்சிருந்தீங்க இத? வெளியவேவா! அய்யய்யோ... பேட்டரிய போட்டு இப்படியா மறப்பாங்க? அது சும்மா இருக்கறப்பதான் தம்பி நாம கவனிக்கணும். ஊர்சுத்த வர்ற அன்னிக்கு மட்டும் நெனச்சா போதுமா? இருங்க, சோடா உப்பு எடுத்துட்டு வந்து, எப்படித் தேய்க்கறதுன்னு மொதல்லேருந்து... தம்பி? அட, கதவ சாத்திட்டீங்களா? திரையும் போட்டாச்சா? ஆமா, மொதல்ல என்னமோ சொல்ல வந்தீங்களே, அது என்னன்னு நான் கேக்கவே இல்லையே! தம்பி!

...என்ன சத்தம் அது? உள்ளேருந்தா வருது? பட்டப்பகல்ல இப்படிக் கொரட்டையா! ரம்பம் போட்டு மரத்த அறுக்கற மாதிரி... அடக் கடவுளே. இந்த ஆளுக்குப் பக்கத்துல எடம் போட்டுட்டு, ராத்திரிக்கு நான் எப்படித் தூங்கப்போறேன்!