ஏழாவது ஆட்டம்

ரயில் கடம்பூரைத் தாண்டியதும், எதிரே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்திலிருந்த தன் அக்காளிடம் சொன்னார்: "ஏழாவது ஆட்டமே கிடையாதுக்கா."

அக்காளின் மடியில் கஞ்சி பிளாஸ்க். "எந்த ஆட்டம்லே?"

"ஆஸ்பத்திரியில அத்தான் படுத்துக்கிட்டே பாக்குதாவல்லா, அமெரிக்காக்காரனோட பழைய கூடைப்பந்து பைனல். அவிய காலேஜ்ல ஆடுன காலத்துல நடந்தது. நான்தான் தெனம் ஒரு ஆட்டம் போன்ல போட்டுக் குடுக்கேன்."

"ஆமா. ஏழு ஆட்டமும் பாக்காம கண்ண மூடமாட்டேன்னு டாக்டர்ட்டயே சொல்லிட்டாவல்லா."

"ஏழுல யாரு முதல்ல நாலு ஆட்டம் ஜெயிக்கானோ அவனுக்குத்தான் கப்பு. அந்த வருசம் ஆறாவதுலயே ஒருத்தன் ஜெயிச்சு முடிச்சிட்டான். இப்பதான் பாத்தேன். இன்னைக்கு அந்த ஆறாவதத்தான் போடணும்."

எனக்குக் கூடைப்பந்து தெரியாது. ஆனாலும் காதை எடுக்க முடியவில்லை. அக்காள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கரிசல் வெடித்துக் கிடந்தது. மணியாச்சி வந்ததும் பிளாஸ்க் மூடியை இறுக்கிவிட்டுச் சொன்னாள்:

"நேத்து பாத்ததையே இன்னைக்கும் போட்டுக் குடு."

"அவியளுக்குத் தெரிஞ்சிரும்க்கா. பாத்ததுதானலேன்னு கேப்பாவ."

"கேக்கட்டும். கேக்கதுக்காவது இருப்பாவல்லா."