விரல் வைத்த இடம்

உங்கப்பாவுக்குச் சீட்டாடத் தெரியாது, கிரண். முதல்ல அதைச் சொல்லிடறேன். எத்தனையோ வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம இந்த முசுக்கட்டை மரத்தடியில என்னோட சீப்ங்கிற நம்ம ஊர்ச் சீட்டாட்டம் ஆடறான், இன்னும் எந்தச் சீட்டு போச்சு எது பாக்கின்னு அவனுக்கு ஞாபகம் நிக்காது. நான் தரையில சீட்டைச் சேர்த்து வீடு கட்டி வச்சா, உடைக்கிற சீட்டு கையில இருந்தாலும் உடைக்க மாட்டான். பாவம், வீர்ஜி, அண்ணன் கட்டினதாச்சேன்னு விட்டுடுவான். இப்படி ஒரு ஆளோட ஆடி ஜெயிக்கிறதுல என்ன சுகம்னு நீ கேட்கலாம். சுகம்தான்.

உட்காரு. டீ ஆறிடும். சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கும், உங்க பெரியம்மா போனதுலேருந்து என் கை அளவு அப்படித்தான். நேத்து உங்கம்மாவுக்காக வச்ச பாராயணம் முடிஞ்சு குருத்வாராவுல எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தப்போ, நீ மட்டும் ரொட்டியைத் தொடாம என்னையே பார்த்துட்டு இருந்தே. லாரிக் காகிதம் உன் கையில சிக்கியாச்சுன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இப்ப வந்து நேருக்கு நேரா கேட்கறே, அந்த நிபந்தனை உங்களுக்குத் தெரியுமா தெரியாதா பெரியப்பான்னு. தெரியும்மா. நல்லாவே தெரியும். இதை என்கிட்ட வாய்விட்டுக் கேட்ட ரெண்டாவது ஆள் நீ.

ஆரம்பத்துலேருந்து சொல்றேன், அப்பத்தான் உனக்கு என் பக்கத்து நியாயமும் புரியும். கலிபோர்னியாவுல இந்தக் கெர்மன் ஊர்ல லாரி வச்சிருக்கிற நம்ம ஆளுங்க யாரும் வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்த முடியாது, டவுன்காரன் விடமாட்டான். ஊருக்கு வெளியில இருக்கிற என் நிலத்துலதான் கொண்டாந்து நிறுத்துவாங்க. நிறுத்தின கையோட, வந்த தபாலையும் என்கிட்ட நீட்டுவாங்க. நம்ம ஜனங்க ஒரே மூச்சுல ஆரிகன் வரைக்கும் ஓட்டிட்டுப் போவாங்க, நாலு பக்கம் படிக்கச் சொன்னா மட்டும் கொட்டாவி விடுவாங்க. இங்கிலீஷ் தெரியாமலா? தெரியும். சர்வண் வீர்ஜி இருக்காரே, நாம ஏன் கண்ணைக் கெடுத்துக்கணும்னு ஒரு நினைப்பு. எங்க போடணும்னு மட்டும் கேட்பாங்க. நான் விரல் வைப்பேன், அங்க கையெழுத்துப் போடுவாங்க. இந்த வழக்கம் நான் ஏற்படுத்தினது இல்ல. இந்த விரலை நம்பி ஒருத்தரும் கெட்டதில்ல, ஒருத்தனைத் தவிர.

பழைய டீசல் வண்டிக்கு மானியம்னு அரசாங்கம் கொடுக்க ஆரம்பிச்சதும் என் முற்றத்துல திருவிழாக் கூட்டம். விஷயம் எளிசு. புகை கக்கற பழைய லாரியை ஒப்படைச்சு ஒழிக்கணும், புதுசு வாங்கறதுக்குப் பெரும் பங்கு அவங்க தருவாங்க. ஒழிக்கறதுன்னா பேச்சுக்கு இல்ல. ஆபீஸ்லேருந்து ஆள் வந்து, வண்டி நிஜமாவே உயிரோட ஓடுதான்னு கிளப்பச் சொல்லிப் பார்த்துட்டுப் போவான். அப்புறம் உடைக்கிற இடத்துல இன்ஜின் நெஞ்சுல ஓட்டை போட்டு, சட்டத்தை ரெண்டு பக்கமும் அறுத்து, போட்டோ பிடிச்சு அனுப்பணும். ஓடற வண்டியைத்தான் கொல்லணும், செத்த வண்டியைக் கொன்னா காசு இல்ல. அரசாங்கத்துக்கும் ஒரு ரசனை இருக்கு பாரு.

என் கையால எத்தனை வண்டியைக் கரை சேர்த்திருக்கேன். இந்தப் பள்ளத்தாக்குல இன்னிக்கு யாராவது கொஞ்சம் நல்ல காத்தை இழுக்கறாங்கன்னா அதுல என் பங்கும் இருக்கு. இதுவரைக்கும் எவனும் ஒரு மாலை போடல, அது வேற விஷயம்.

உங்க தாத்தா வாங்கின நீலோ உனக்கு ஞாபகம் இருக்கும். நீல வண்டி, நீட்டு மூக்கு, முன்னாடி கண்ணேறுக்குக் கறுப்புக் குஞ்சம். அது வர்ற சத்தம் ரெண்டு மைல் தள்ளியே கேட்கும். கலிபோர்னியாவுல அந்த இன்ஜினை இனி ஓட்டக் கூடாதுன்னு கெடு வச்சப்போ உங்கப்பா வந்து சொன்னான், இண்டியானாவுல அந்தச் சட்டம் இல்லையாம், மச்சான் கூப்பிடறான், வீடு மலிவு, கிரணும் அங்கதான் படிக்கிறா, உங்கம்மா ரஷ்பாலோட மூச்சிரைப்புக்கும் நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாருன்னு. நீலோவை எடுத்துட்டுக் குடும்பத்தோட போயிடப் போறேன்னான். சந்தோஷமாத்தான் சொன்னான்.

எனக்குப் பயமாயிடுச்சு, கிரண். மறைக்க என்ன இருக்கு. என் பையன் வான்கூவர்லேருந்து குருபுரப் பண்டிகைக்குப் போன் பண்ணுவான், வாழ்த்துச் சொல்லிட்டு வச்சுடுவான். உங்க பெரியம்மா இல்ல. மத்தவங்க எல்லாம் காகிதத்தை நீட்டிட்டுப் போறவங்க. காகிதம் இல்லாம இந்தக் கேட்டைத் திறந்துட்டு வர்றவன் உங்கப்பா ஒருத்தன்தான். அவனும் போயிட்டா நான் இந்த மரத்துக்கும் நாய்க்கும் சீட்டுப் போட வேண்டியதுதான்.

அதனால மானியத்தைப் பத்திச் சொன்னேன். ஏண்டா கிழட்டு வண்டியை அவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போறே, புதுசை வாங்கிட்டு ராஜா மாதிரிப் போயேன்னேன். அவனுக்கு ஆசை தட்டிடுச்சு. ஆனாலும் கேட்டான். அந்த விஷயத்துல அவனைக் குறை சொல்ல முடியாது, நல்லாவே கேட்டான்.

"வீர்ஜி, கவர்மென்ட் காசுல வாங்கற வண்டியை வெளி மாநிலத்துக்கு எடுத்துட்டுப் போலாமா? விடுவாங்களா?"

"வண்டி உன் பேர்ல இருக்கப் போவுது. உன் வண்டியை நீ எங்க வேணா கொண்டு போடா" அப்படின்னேன்.

அவ்வளவுதான் நான் செஞ்சது. ஒரே ஒரு வாக்கியம். காகிதத்துல என்ன இருந்துச்சுன்னு நீயே படிச்சிருப்பே. அஞ்சு வருஷம் வண்டி இந்தப் பள்ளத்தாக்குக்குள்ளயேதான் ஓடணும், எங்க நிக்குதுன்னு பார்க்க ஒரு பெட்டி வண்டிக்குள்ளயே இருக்கும், மீறினா வாங்கின காசைத் திருப்பிக் கட்டணும். நியாயமான நிபந்தனைதான். இந்த ஊர்க் காத்துக்காகக் கொடுக்கிற காசை இண்டியானாக்காரன் மூக்குக்கு ஏன் கொடுக்கணும். நான் அதிகாரியா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

காகிதத்தை நீலோவோட மூக்கு மேல வச்சுத்தான் கையெழுத்துப் போட்டான். நான் விரல் வச்சேன், அவன் போட்டான்.

உடைக்கிற அன்னிக்கு ஒரு கூத்து. உங்கப்பா குருத்வாராவுல கிரந்தம் படிக்கிற பெரியவர்கிட்ட போய், நீலோவுக்கு ஒரு அர்தாஸ் சொல்லணும்னு நிக்கறான். அவர், இரும்புக்கெல்லாம் பிரார்த்தனை கிடையாதுப்பா, நாளைக்கு எவனாவது ஃபிரிட்ஜைத் தூக்கிட்டு வருவான்னுட்டார். கடைசியில, வழிப்பயணம் போறவங்களுக்குப் பொதுவா ஒண்ணு சொல்றேன், அதுல உன் வண்டியும் ஒரு ஓரமா நின்னுக்கட்டும்னு ஒத்துக்கிட்டார். துரப்பணம் இன்ஜினுக்குள்ள இறங்கினப்போ உங்கப்பா கையில அந்தக் கறுப்புக் குஞ்சத்தைச் சுருட்டி வச்சுக்கிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். நான்தான் தோளைப் பிடிச்சுக்கிட்டேன். நிஜமாவே எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையான்னு உன் மூஞ்சி கேட்குது. கேட்கட்டும், அன்னிக்கு நான் அழுதது பொய் இல்ல.

புது வண்டி வந்துச்சு. வெள்ளை. பூனை மாதிரி வரும், பூனை மாதிரிப் போகும். உங்கம்மா பாத்திரம் பண்டமெல்லாம் அட்டைப் பெட்டியில கட்டிட்டா. அங்க போனா மேப்பிள் மரம், இங்க இருக்கிறது வீர்ஜியோட முசுக்கட்டைன்னு என்னைக் கேலி பண்ணிட்டே கட்டினா. கிளம்பினா எல்லை தாண்டினதும் பெட்டி காட்டிக் கொடுத்துடும், திரும்பி வரவேண்டியதுதான்னு இருந்தேன். அதுக்குக்கூட உங்கப்பா வேலை வைக்கல. ஆபீசுக்கே போன் போட்டு, அம்மா, நான் ஊர் மாறிப் போறேன், புது விலாசம் எழுதிக்குங்கன்னு சொல்லியிருக்கான். உலகத்துல எந்த லாரிக்காரனும் செய்ய மாட்டான் இதை. அந்தம்மா பதறிப் போய் நிபந்தனையை வரி வரியா படிச்சுக் காட்டியிருக்கா.

நேரா இங்கதான் வந்தான். திட்டுவான், அடிப்பான்னு நினைச்சு நான் நாற்காலியைக்கூடக் கொஞ்சம் பின்னால நகர்த்திக்கிட்டேன். வந்தவன் என் முன்னால தலையைக் குனிஞ்சு நின்னான்.

"என் முட்டாள்தனம் வீர்ஜி. நீங்க ஊர்க் காகிதத்தை எல்லாம் பார்க்கறவர், ஒண்ணு கண்ணுல படாமப் போகும். என் பொண்டாட்டி உசிரு சம்பந்தப்பட்டது, நானில்ல படிச்சிருக்கணும்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்களே, அது தானா அங்க போய் உட்கார்ந்துடுச்சு. நான் வாயைத் திறந்தேன், நிஜமா. ஆனா ஒருத்தன் அவ்வளவு மனசார எடுத்துக்கிட்டதை எப்படிப் பிடுங்கறது. விடுடா, அஞ்சு வருஷம் ஓடியே போயிடும்னு சொன்னேன். அன்னிக்கும் ஒரு ஆட்டம் போட்டுட்டுத்தான் போனான்.

உங்கம்மாவை மட்டுமாவது அனுப்புன்னு நான்தான் முதல்ல சொன்னேன், அதையும் எழுதிக்கோ. வந்தாளே, உன்கிட்ட. மூச்சு சீரா இருக்கு, மாடிப்படி ஏறறான்னு நீகூடச் சொன்னே. ஆனா அவ அங்க இருக்க இருக்க இவன் இங்க தவிச்சான். வீட்டை வித்து மானியத்தைத் திருப்பிக் கட்டிட்டு நானும் போயிடறேன்னு பேச ஆரம்பிச்சான். சொந்த வீட்டை யாராவது விப்பாங்களா. அப்பத்தான் உங்கம்மாவுக்குப் போன் பண்ணினேன். ரஷ்பால், உன் புருஷன் கடை ரொட்டியைத் தின்னுட்டு இளைச்சுட்டாம்மான்னேன். அது பொய் இல்ல, கடை ரொட்டிதான் தின்னான். அடுத்த வாரமே கிளம்பி வந்துட்டா. உனக்கு அன்னிக்குக் கோவம் வந்திருக்கும். அம்மா ஏன் இப்படி அவசரமா ஓடறான்னு புரிஞ்சிருக்காது.

பாதாம் மரத்தை மெஷின் உலுக்கற மாசத்துல தூசியில இந்த ஊர் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். அதோட மலைக்காட்டுத் தீப்புகையும் வந்து சேர்ந்துக்கும். இந்த வருஷம் ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. அதுக்கு முன்னால ஒரு நாள் உங்கம்மா எனக்கு முள்ளங்கி வச்ச மூலி பராட்டா கொண்டாந்தா. கேட்லேருந்து இங்க வர்றதுக்குள்ள மூணு இடத்துல நின்னா. நீ உட்கார்ந்திருக்கியே, அதே நாற்காலியில உட்கார்ந்து, மருந்தை உறிஞ்சி, மூச்சு அடங்கற வரைக்கும் என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டே இருந்தா. அப்புறம் கேட்டா.

"வீர்ஜி, நீங்க பால் டப்பாவுல இருக்கிற எழுத்தைக்கூடப் படிக்காம வாங்க மாட்டீங்க. எங்க காகிதத்தையா படிக்காம விட்டீங்க?"

நான் பராட்டாவைப் பார்த்துட்டு இருந்தேன். அவளே சொன்னா.

"அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். எனக்கு அப்புறம் அவருக்கு யாரு இருக்கா, உங்களை விட்டா? சூடா சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். உங்கம்மா கை மணம் யாருக்கும் வராது. அவ அவனை என்கிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் போயிருக்கா, கிரண். கோவத்துல சொல்லல, சிரிச்சுட்டேதான் சொன்னா. நம்பினவதானே ஒப்படைப்பா.

இப்ப உங்கப்பா அவளோட மருந்துக் குழலைச் சட்டைப் பையில வச்சுட்டு அலையறான். சீட்டாடறப்போ எடுத்துப் பார்ப்பான். நான் படிக்காம கையெழுத்துப் போட்டதாலதான் இவ போயிட்டான்னு சொல்லுவான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்றான். அப்படியெல்லாம் இல்லடான்னு ஒவ்வொரு தடவையும் ஆறுதல் சொல்றேன். அதுக்கும் ஒரு ஆள் வேணும் இல்லையா.

அதோ, கேட் சத்தம். வந்துட்டான். நீலோவா இருந்தா ஊருக்கு வெளியிலயே தெரிஞ்சிருக்கும், நாமளும் பேச்சை மாத்தியிருக்கலாம். இந்தப் புது வண்டியில இது ஒண்ணுதான் குறை.

சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். உங்கம்மா சொல்லாமப் போனா, நீ உங்கம்மா பொண்ணு. வர்ற வசந்தத்தோட கெடு முடியுது, அப்பாவை என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்னு நேத்து குருத்வாராவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தியே, காதுல விழுந்துச்சு. அதைத்தான் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன். இப்ப மின்சார லாரிக்குப் புது மானியம் ஒண்ணு வந்திருக்கு, டீசலே வேண்டாமாம். அதுக்கும் அதே அஞ்சு வருஷக் கெடுதான். போன ஞாயித்துக்கிழமை காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை படிச்சுடுடான்னு சொல்லத்தான் நினைச்சேன். அவன் கண்ணெல்லாம் தண்ணி, எழுத்து எங்க தெரியப் போவுது. எங்க போடணும் வீர்ஜின்னு கேட்டான்.

கண்ணைத் துடைச்சுக்கோம்மா, அப்பன் பார்த்தா பயந்துக்குவான். நான் இல்லேன்னா அவனுக்கு யாரு இருக்கா, நீயே சொல்லு.