முழுக்கைச் சட்டை

கையை மெதுவா இறக்கும்மா. திரையை நல்லா இழுத்து விட்டிருக்கேன், பயப்படாத. இந்த ட்ரையல் ரூமுக்குள்ள எந்த ஆம்பளையும் வர மாட்டான், உன் வீட்டுக்காரரும்தான். வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்கேன். மிஷின் சத்தம் கேக்குதுல்ல? என் நாத்தனார்தான். பழைய துணியில சும்மா ஓட்டிக்கிட்டிருக்கா. நாம பேசுறது வெளிய கேக்கக் கூடாதுல்ல.

திரும்பு. வலது கை பதினொன்னு. இடது கை பன்னெண்டரை. முப்பது வருஷமா அளவெடுக்கிறேன், ரெண்டு கைக்கும் ஒன்றரை இன்ச் வித்தியாசம் வந்தா அது வீக்கம்தான். ஆமா ஆமா, அலமாரிக் கதவு இடிச்சிருச்சு. போன மாசம் வந்தவளுக்கும் கதவுதான் இடிச்சுது. இந்த ஊர்க் கதவெல்லாம் இதை எங்க கத்துக்கிச்சோ.

அழாத. கண்ணு சிவந்தா வெளிய போனதும் ஏன்னு கேப்பாரு. நான் உன்னை எதுவும் கேக்கப் போறதில்ல. கேக்க நேரமும் இல்ல.

ஆச்சு சார், தோள் மட்டும்தான் பாக்கி.

இந்தா, இந்த அளவு சீட்டைப் பிடி. நெஞ்சு, இடுப்பு, தோள், கழுத்து, கை. நம்பரை மேல இருந்து கீழ வரைக்கும் சேத்துப் படி, அது போன் நம்பர். உன் அளவு என் நோட்டுல தனியா இருக்கு. கழுத்து தொண்ணூறுன்னு போட்டிருக்கு பாரு, யாருக்கும்மா அப்படி ஒரு கழுத்து? ஆனா இதுவரைக்கும் எந்தப் புருஷனும் கண்டுபிடிச்சதில்ல. பர்சுல மடிச்சு வை. அவரு கேட்டா எடுத்துக் காட்டு, தாராளமா காட்டு.

உன்னை மாதிரி அடிபடுற பொம்பளைங்களுக்கு உதவுற இடம். போனை எடுக்கிறது ஒரு பொம்பளைதான். பேரு சொல்லணும்னு இல்ல. இன்னைக்கே கிளம்பி வான்னு அவசரப்படுத்த மாட்டாங்க. தங்க இடம் இருக்கு, பிள்ளைங்களோட. டாக்டர்கிட்ட கூட வருவாங்க. போலீசுக்குப் போறதா வேணாமான்னு நீதான் முடிவு பண்ணுவ. எனக்கு எப்படித் தெரியுமா? நானே போட்டுக் கேட்டேன். உங்களுக்கா, வேற யாருக்காவதான்னு கேட்டாங்க. போனை வெச்சுட்டேன். அது கிடக்கட்டும்.

உன் போன்ல போடாத. எடுத்துப் பாப்பாருல்ல? நினைச்சேன். வியாழக்கிழமை ட்ரையலுக்கு வா, இதே இடத்துல நின்னு என் போன்ல பேசு. அன்னைக்குப் பேச முடியலைன்னா பரவாயில்ல. நான் தப்பாத்தான் தெச்சு வெச்சிருப்பேன். முதல்ல தோள் தொங்கும். அடுத்த தடவை அக்குள்ல பிடிக்கும். உனக்கு எத்தனை தடவை வேணுமோ அத்தனை தடவை பிரிப்பேன். அவரு கத்துவாரு, கத்தட்டும். இந்தத் தெருவுல எனக்குத் தப்புத் தையல்காரின்னே பேரு. ஒரு காலத்துல கல்யாணத் துணியெல்லாம் என்கிட்டதான் வரும், நம்புவியா?

இருங்க சார், இதோ வந்துட்டா.

என்னம்மா? கையா? முழுக்கையாவே வேணுமா, மணிக்கட்டு வரைக்கும்? இந்த வெயில்ல. சரி, வெச்சுத் தரேன்.

இல்ல, ஒண்ணுமில்ல. டேப் கை தவறிருச்சு.

என் தங்கச்சியும் இப்படித்தான் கேட்டா. மூணு சட்டை, மூணும் முழுக்கை. ஏன்டி இந்த வெயில்லன்னேன். இப்ப இதான்க்கா பேஷன்னா. இதே டேப்பாலதான் அவ கையையும் அளந்தேன். வீக்கம் தெரிஞ்சுது. சதை போட்டுட்டேடின்னு கிண்டல் பண்ணி, கையை அரை இன்ச் தளர்த்தித் தெச்சுக் கொடுத்தேன். ஒரு சுருக்கம் இல்லாம வந்திருக்குன்னு எனக்கு அவ்வளவு பெருமை. அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்போ அதுல ஒண்ணைத்தான் போட்டிருந்தா. அப்புறம் கேட்ட நாலாவதை வாங்கிக்க அவ வரல, அதோ அந்த ஆணியில தொங்குதே, நீலம், அதுதான்.

முகத்தைத் துடைச்சுக்க. சீட்டு பத்திரம். வெளிய போனதும் நான் சத்தமா ஏதாவது சொல்லுவேன், நீ பதிலுக்கு முறைச்சுக்க.

வியாழக்கிழமை வாம்மா. என்னைத் திட்டுறதுக்காவது வா.